இதயச் செயலிழப்பில் மூச்சுப்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சு முட்டும்போது பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா ஆழமா மூச்சு இழுங்க." புதிதாகப் பயிற்சி சொல்லித் தருபவர்களும் அதையே சொல்கிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவரிடம் அந்த நேரத்தில் சொல்லவே கூடாதது அது.

ஆழமாக இழுப்பது

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்காத நிலை. அப்போது நுரையீரலில் நீர் கோத்து விறைத்துவிடும். விறைத்த நுரையீரலை முழுதாக விரிக்கத் தசைகள் படாதபாடு படும். தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், காற்று மட்டும் போதாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க இழுக்க ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை சுற்றும், உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும். இதயம் நிற்கப்போகிறது என்று பயந்து இன்னும் வேகமாக இழுப்பார். அக்கறையோடு சொன்ன சொல்லே இவ்வளவுக்கும் காரணம் என்பதால்தான் எரிச்சல் வருகிறது.

முதலில் மூச்சை விடச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, முன்கைகளை மேசைமேல் வைத்துத் தோளைத் தளர்த்தட்டும். மூக்கு வழியே 2 எண்ணும் வரை மெதுவாக, வழக்கமான அளவே இழுக்கட்டும். பிறகு உதட்டைக் குவித்து 4 எண்ணும் வரை விடட்டும். எதிரே மெழுகுவத்தி இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. கன்னம் உப்பினால் அழுத்தி ஊதுகிறார் என்று அர்த்தம். 4 எட்டவில்லையா, 3 போதும். ஐந்தாறு மூச்சுக்கு ஒருமுறை எண்ணாமல் ஓய்வு.

மூச்சை அடக்குவது

வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான யோக மூச்சுப்பயிற்சிகளும் வேண்டாம்.

மடங்கிக் குனிவது

மேசைமேல் சாயும்போது முதுகு நேராக, இடுப்பிலிருந்து சாய வேண்டும். வயிறு மடங்கினால் இதயத்துக்குள் அழுத்தம் கூடும். சிலருக்கு அரை நிமிடத்துக்குள்ளேயே மூச்சு முட்டும். மல்லாந்து படுத்துச் செய்வதும் அப்படித்தான்: காலில் தேங்கிய நீர் நெஞ்சுக்குத் திரும்பும்.

திணறும்போது மட்டும் செய்வது

நிதானமாக இருக்கும்போது தினம் இருவேளை, 5 நிமிடம் பழகாதவருக்கு அவசரத்தில் கைகொடுக்காது.

எடை பார்க்க மறப்பது

பயிற்சி பதற்றத்தைத் தணிக்கும், நீரை வெளியேற்றாது. நீர் சேர்கிறதா என்று தெரிய, தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுக்க வழக்கத்தைவிட ஒரு தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்தும் திணறல் அடங்கவில்லை, நெஞ்சுவலி, உதடு நீலம், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி: இதில் எது வந்தாலும் எண்ணிக்கொண்டு இருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.