ஹைடனின் இசையைக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழி

மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் சிம்பொனிகளை, அதாவது முழு இசைக்குழுவுக்கான நெடும் படைப்புகளை, முதல் எண்ணிலிருந்து வரிசையாகக் கேட்க முற்படுவோர் பெரும்பாலும் பாதியிலேயே களைத்துவிடுகின்றனர். எண்ணிட்டவை மட்டுமே 104. அந்த வரிசையும் காலவரிசை அன்று. 72ஆவது சிம்பொனி 1760களிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே, எண்களை ஒதுக்கிவிட்டு, அவர் ஏற்றிருந்த அரண்மனைப் பணியையே வழித்துணையாகக் கொள்ளுங்கள்.

1732இல் ஆஸ்திரியாவின் ரோராவ் என்ற சிற்றூரில் பிறந்த ஹைடன், 1761இல் எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தின் கோமகனுடைய இசைக்குழுவில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். சீருடை அணியவும், கோமகன் கேட்பதையெல்லாம் எழுதித் தரவும், எழுதியதன் படியைப் பிறருக்குக் கொடாதிருக்கவும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் இயற்றிய ‘காலை’ எனப்படும் 6ஆவது சிம்பொனியை முதலில் கேளுங்கள். வயலின், செல்லோ, புல்லாங்குழல் ஆகியவற்றோடு, வழக்கமாகப் பின்னணியில் நிற்கும் டபுள் பேஸ் என்ற பெரிய தாழ்சுருதித் தந்திக் கருவிக்கும் தனித்து ஒலிக்கும் இடம் கிடைப்பதைக் கவனித்தால், புதிய பொறுப்பேற்றவர் தம் கலைஞர்களை ஒவ்வொருவராக முன்னிறுத்துவது புலப்படும்.

அடுத்த கோமகன் நிக்கோலஸ், பாரிடன் என்ற அரிய கருவியை வாசித்தவர். வில்லால் இசைக்கும்போதே அதன் பின்புறத்து உலோகத் தந்திகளைக் கட்டைவிரலால் மீட்டலாம். அவருக்காக ஹைடன் 120க்கும் மேற்பட்ட மூவரிசைகளை, அதாவது மூன்று கருவிகளுக்கான படைப்புகளை, எழுதினார். இவற்றில் இரண்டொன்று கேட்டால் போதும்.

நெடுநேரம் தங்க வேண்டிய இடம் 1772. ஹங்கேரியில் இருந்த எஸ்டர்ஹாசா மாளிகையில் கோமகன் தங்கும் காலம் நீண்டுகொண்டே போக, குடும்பத்தைப் பிரிந்த கலைஞர்கள் ஹைடனிடம் முறையிட்டனர். விண்ணப்பம் எழுதுவதற்குப் பதிலாக அவர் 45ஆவது சிம்பொனியை எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் வேகமான இசை திடீரென நின்று, மெல்லிய இசையாக மாற, ஒவ்வொருவரும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து செல்கின்றனர். இரண்டு வயலின்கள் மட்டுமே எஞ்சுகின்றன. முதல்முறை கண்ணை மூடி, எந்தக் கருவி எப்போது விலகுகிறது என்று காதால் மட்டும் பின்தொடருங்கள். மேடைக் காட்சியை அதன் பிறகு பார்க்கலாம். இவ்வளவு பணிவாகவும் இவ்வளவு துணிவாகவும் ஒரு வேண்டுகோளை இசையில் வைக்க முடியும் என்பது இன்றும் என்னை நெகிழச் செய்கிறது.

1779இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, தம் படைப்புகளை வெளியாருக்கு விற்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஓபஸ் 20 (ஓபஸ் என்பது படைப்புத் தொகுதியின் எண்) நால்வரிசைகளையும், அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்புகளையும், பிந்தைய ஓபஸ் 33 நால்வரிசைகளையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுங்கள். பின்னவற்றில் விளையாட்டும் எளிமையும் கூடியிருப்பதை உணர்வீர்கள்.

1790இல் நிக்கோலஸ் மறைந்து இசைக்குழு கலைக்கப்பட்டதும், லண்டனில் இசைக் கச்சேரிகளை நடத்திவந்த சாலமன் என்பவரின் அழைப்பை ஏற்று ஹைடன் லண்டன் சென்றார். அவரது இரு லண்டன் பயணங்களுக்காக இயற்றியவையே 93 முதல் 104 வரையிலான சிம்பொனிகள். 104ஐக் கேட்டவுடன் 6க்குத் திரும்புங்கள்: அரண்மனையின் சிறு குழுவுக்கு எழுதிய கை, 1795இல் ஏறத்தாழ 60 கலைஞர்களுக்கு எழுதும்போது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது அப்போது தெளிவாகக் கேட்கும்.