பாக்டீரியா கல்ச்சரைப் பல வருடம் காப்பாற்றி வைக்க

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: மாதாமாதம் ஸ்லான்டில் (சாய்வாக உறைந்த ஊட்டமுள்ள டியூபில்) சப்கல்ச்சர் போட்டே, அதாவது புது ஊட்டத்துக்கு மாற்றியே, ஒரு ஸ்ட்ரெய்னை (ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா வகையை) காப்பாற்றிவிடலாம் என்று நம்பாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் வேறு கிருமி உள்ளே நுழைய வழி உண்டு. பாக்டீரியாவும் மெல்ல மெல்லக் குணம் மாறும். ஏடிசிசி என்ற அமெரிக்கக் கல்ச்சர் சேமிப்பகத்தின் 25922 எண் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துத்தான் ஆன்டிபயாடிக் டிஸ்க்கையே (மருந்து தோய்த்த காகித வட்டையே) சரிபார்க்கிறோம். அதுவே மாறிவிட்டால் நோயாளியின் ரிப்போர்ட்டை எதை நம்பிக் கொடுப்பது?

ஆகவே, ஸ்ட்ரெய்ன் கைக்கு வந்ததும் கிளிசரால் ஸ்டாக் (கிளிசராலில் கலந்து உறையவைக்கும் இருப்பு) போட்டுவிடுங்கள். முதலில் ஊட்டமுள்ள பிளேட்டில் ஸ்ட்ரீக் செய்து (கோடாக இழுத்துப் பரப்பி), ஒரே கிருமிதான் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு காலனியை (கிருமிகள் பெருகிய ஒரு புள்ளியை) பிராத்தில், அதாவது திரவ ஊட்டத்தில் போட்டு, 18 முதல் 24 மணி நேரம் வளர விடுங்கள். 40 சதவீதக் கிளிசராலை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) ஆறவையுங்கள். கிரையோ வயலில் (கடுங்குளிர் தாங்கும் சிறு குப்பியில்) பிராத் அரை மில்லி, கிளிசரால் அரை மில்லி. பிசுபிசுப்பால் கிளிசரால் அடியில் தங்கிவிடும், வயலைக் கவிழ்த்துக் கவிழ்த்து நன்றாகக் கலக்குங்கள். ஐஸ் படிகம் செல்லைக் கிழிக்காமல் காப்பது கிளிசரால்தான். அப்புறம் நேராக மைனஸ் 80 பிரீசர்.

லேபிளில் பெயர், நம்பர், தேதி, எத்தனையாவது சப்கல்ச்சர் என்பதெல்லாம் வேண்டும். சாதாரணப் பேனா மை ஸ்பிரிட் பட்டால் போய்விடும்.

எடுக்கும்போது வயலை உருகவிடாதீர்கள். ட்ரை ஐஸில் வைத்தே மேற்பரப்பை லூப்பால் (கம்பி வளையத்தால்) சுரண்டிவிட்டு உடனே உள்ளே வையுங்கள். உருகி உறைந்து உருகியே செல்கள் சாகும். தானாகப் பனி நீக்கும் வீட்டு பிரிட்ஜின் பிரீசரும் இதனால்தான் ஆகாது.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே பிரீசரை நம்பாதீர்கள். இரண்டாவது செட்டை வேறு கட்டடத்தில், மேல்தளத்தில் வையுங்கள். கரண்ட் போனால் பிரீசர் கதவைத் திறக்கவே கூடாது. லயோபிலைசர் (உறையவைத்து உலர்த்தும் கருவி) வசதி கிடைத்தால் ஸ்கிம் மில்க்கில் கலந்து உலர்த்தி சீல் வைத்துவிடுங்கள்; பல வருடம் தாங்கும், மைனஸ் 80 தேவையில்லை.

ஸ்டாக் போட்ட சில நாளில் ஒரு வயலை எடுத்து வளர்த்து, கிராம் ஸ்டெயின் (பாக்டீரியா வகையைக் காட்டும் சாயச் சோதனை) பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுங்கள். பழைய ஸ்லான்டை அதற்குப் பிறகு ஆட்டோகிளேவில் போடலாம்.