பிரையர் கட்டையில் முதல் பைப் செய்வது எப்படி?

புகையிலைப் பைப்பைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது வடிவமும் மர ரேகையும். ஆனால் அது நன்றாகப் புகைகிறதா என்பதை உள்ளே ஓடும் துளைதான் முடிவு செய்கிறது. அதனால் முதல் பைப்புக்குத் துளையிட்ட கட்டையையே வாங்குங்கள். ஹாபி பிளாக் என்று கேட்டால் புகையிலை போடும் கிண்ணக் குழி, காற்றுத்துளை, வாய்க்குழல் மூன்றும் பொருத்தி வரும். வெளிப்புறம் மட்டும் சதுரக் கட்டையாக இருக்கும்.

பிரையர் என்பது மத்திய தரைக்கடல் ஓரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா புதரின் வேர்முண்டு. தண்டும் வேரும் சேருமிடத்தில் திரண்டிருக்கும். இத்தாலியின் கலாப்ரியா, பிரான்சின் கோர்சிகா, கிரீஸ் பகுதிகளில் தோண்டி, அறுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாறு நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். 1850-களில் பிரான்சின் சான் குளோத் ஊர் இந்த மரத்தில் பைப் செய்யத் தொடங்கியது. சரியாகக் கொதித்து உலராத கட்டை பின்னால் வெடிக்கும், முதல் சில புகைகள் கசக்கும்.

வேண்டியவை: பெஞ்ச் வைஸ், சிறு பல் ரம்பம், மர அரம், அரைவட்ட அரம், 120 முதல் 800 வரை உப்புத்தாள், ஸ்பிரிட்டில் கரையும் சாயம், கார்னுபா மெழுகு, பைப் கிளீனர், தூசி முகமூடி. முகமூடியை விட்டுவிடாதீர்கள். பிரையர் தூளும், வாய்க்குழல் செய்யப்படும் கடின ரப்பரான எபோனைட்டின் தூளும் மூக்கை எரிக்கும்.

1. துளையைச் சோதித்தல்

கிண்ணக் குழி பொதுவாக 19–20 மி.மீ. அகலமும் 35–45 மி.மீ. ஆழமும் இருக்கும். காற்றுத்துளை 3.5–4 மி.மீ. அது குழியின் அடித்தளத்தில், நட்டநடுவில் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் உள்ள புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும். வாய்க்குழலைப் பொருத்தி, வாய்ப்பக்கமிருந்து பைப் கிளீனரைச் செலுத்துங்கள். எங்கும் முட்டாமல் குழிக்குள் எட்டிப் பார்த்தால் சரி.

அடுத்தது பொளியும் கழுந்தும். வாய்க்குழலின் செருகுமுனையான கழுந்து, கிண்ணத்திலிருந்து நீளும் தண்டின் துளையான பொளிக்குள் ஏறக்குறைய அடிவரை போக வேண்டும். அரை மி.மீ. இடைவெளி போதும். கழுந்து குட்டையாக இருந்தால் அந்த வெற்றிடத்தில் நீர் தேங்கும். பைப் ‘குளுகுளு’வென்று சத்தம் போடுவது பெரும்பாலும் இதனால்தான். இறுக்கமாக இருந்தால் கழுந்தின்மேல் பென்சில் கரியைத் தேயுங்கள். அரத்தை எடுக்க வேண்டாம். ஒருமுறை தளர்ந்தால் மீளாது.

2. வரைதல், அறுத்தல்

குழியின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, கட்டையின் பக்கவாட்டில் அதே அளவில் குழியையும் காற்றுத்துளையையும் பென்சிலால் வரையுங்கள். அதைச் சுற்றித்தான் வடிவம் போட வேண்டும். சுவரில் 6 மி.மீ.க்கும் அடியில் 8 மி.மீ.க்கும் குறைந்தால் கிண்ணம் கைசுடும், எரிந்து ஓட்டையும் ஆகலாம். பில்லியர்ட் எனப்படும் நேர் வடிவமே தொடக்கத்துக்கு ஏற்றது. பக்கத்தோற்றம், மேல்தோற்றம் இரண்டையும் வரைந்து, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே ரம்பத்தால் மூலைகளை அறுத்து எடுங்கள்.

3. அரம்

இங்கே அவசரம் ஆகாது. கிண்ணத்தை முதலில் எட்டுமுகமாக்கி, பிறகு பதினாறுமுகமாக்கி, அப்புறம் உருட்டுங்கள். நேரடியாக உருட்டப் போனால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்துவிடும். தண்டும் கிண்ணமும் சேரும் வளைவுக்கு அரைவட்ட அரம்.

இந்த வேலை முழுவதும் வாய்க்குழல் பொருத்தியபடியே இருக்கட்டும். தண்டின் மரமும் எபோனைட்டும் சேரும் கோட்டின்மேல் உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் இரு பக்க விளிம்பும் உருண்டு, நடுவில் மெல்லிய பள்ளம் ஓடும். விரல்நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே தவறு. தாளைத் தட்டையான குச்சியில் சுற்றி, இரண்டையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் தேயுங்கள். தண்டின் முகப்பை மட்டும் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. அது கடைசலில் சமமாக்கி வந்தது. கையால் தேய்த்தால் வாய்க்குழல் ஒட்டி உட்காராது.

நடுவில் சின்னக் குழிகள் தென்படும். பிரையர் கல்நிலத்தில் வளர்வது; குறையே இல்லாத கட்டை அபூர்வம். சுவர் கனம் இருந்தால் இன்னும் சற்று அரத்தால் இறக்கலாம். இல்லையென்றால் அந்தப் பகுதியைச் சிறு உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள், அதுவும் அழகுதான். பட்டி பூசுவது எங்களுக்குச் சம்மதமில்லை: சாயம் அதில் ஏறாது, திட்டாக வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். குழியின் உள்சுவர்வரை விரிசல் போனால் கட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

4. உப்புத்தாள்

120, 220, 320, 400, 600, 800 என ஏறுங்கள். 320 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் மரநார் எழும். அதை 400-ல் வெட்டுங்கள். எந்தப் படியையும் தாண்ட வேண்டாம். 220-ன் கீறல் வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறியதும் கறுத்துத் தெரியும்.

5. வாய்க்குழலை வளைத்தல்

நேர் பைப்பே போதுமென்றால் இந்தப் படி தேவையில்லை. வளைப்பதானால் துளைக்குள் பைப் கிளீனரை நுழைத்துவிட்டு, சூடான காற்றைத் தூரத்திலிருந்து காட்டி, எபோனைட் தானாகத் தொய்யும்போது வளைத்து, குளிர்ந்த நீரில் முக்குங்கள். கந்தக நெடி கூடினால் சூடு அதிகம். கோணல் ஆகிவிட்டதா? மறுபடி சூடாக்கினால் பழைய நேர்வடிவத்துக்கே திரும்பிவிடும்.

6. சாயமும் மெருகும்

கிண்ணக் குழியைத் தக்கையால் அடைத்துவிட்டு, முதலில் அடர்பழுப்புச் சாயம் பூசி உலரவிடுங்கள். 600-ஆல் மேல்பூச்சைத் தேய்த்து எடுத்தால் ரேகைக்குள் மட்டும் நிறம் தங்கும். அதன்மேல் இளநிறம் ஒரு பூச்சு. வார்னிஷ், லேக்கர் வேண்டாம், சூட்டில் கொப்பளிக்கும்.

மெருகுக்குத் துணிச்சக்கரத்தில் முதலில் டிரிப்போலி என்ற மெருகுக் கலவை, பிறகு வேறு சக்கரத்தில் கார்னுபா. கார்னுபா உருக 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், அதைச் சக்கரத்தின் உராய்வு தரும். வெறும் கையால் தேய்த்தால் திட்டுதிட்டாக நிற்கும். சக்கரம் இல்லாதவர்கள் குழைவாக வரும் மெழுகை வாங்கிக்கொள்ளுங்கள். பைப்பைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் பிடியுங்கள், விளிம்பை எதிர்முகமாகக் காட்டாதீர்கள், பிடுங்கி எறிந்துவிடும்.

முதல் சில முறை கிண்ணத்தை அரைவாசி மட்டும் நிரப்பி மெதுவாகப் புகைத்தால் உட்சுவரில் கரிப்படலம் ஏறி, மரத்தைத் தீயிலிருந்து காக்கும். சூடு முழுவதும் ஆறும்வரை வாய்க்குழலைக் கழற்ற வேண்டாம். வெதுவெதுப்பில் திருகினால் தண்டில் விரிசல் விழும்.