மூணு தடவை படிச்சேன், ஆனா வரலை: குரூப் 4 தயாரிப்பில் நடக்கும் தவறுகள்

"இன்னா நாற்பது எழுதினது யாரு?"

நூலகத்து வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டேன். எதிரில் இருந்த தம்பி அந்தப் பாடத்தை மூன்று தடவை படித்தவன். நோட்டில் அந்த வரிக்கு மஞ்சள் அடித்து, அதற்குக் கீழே சிவப்பில் கோடும் போட்டிருந்தான்.

"தெரியும்ணே... வாயில நிக்குது."

"கபிலரா, பூதஞ்சேந்தனாரா?"

"கபிலர்!"

"சரி, கார் நாற்பது?"

பதில் இல்லை. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டான்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பக்கத்தைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டால் ஒன்றும் வராது. "நாலு விடையும் கண்ணெதிரேதானே இருக்கப் போகுது, பார்த்தா அடையாளம் தெரிஞ்சுடும்" என்று சமாதானம் வேறு சொல்வார்கள். அந்த நான்கு விடைகள் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: கபிலர், பூதஞ்சேந்தனார், மதுரைக் கண்ணங்கூத்தனார், பொய்கையார். நான்கும் ஒரே பக்கத்தில் படித்த பெயர்கள், நான்குமே தெரிந்த முகங்கள். இன்னா நாற்பது, இனியவை நாற்பது, கார் நாற்பது, களவழி நாற்பது என்று அதே வரிசையில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். அங்கேதான் கை நடுங்கும்.

2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்குச் சின்னச் சின்னக் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல்நீர்நாயைப் பற்றியது. ஒரு பிரிவினர் நான்கு முறையும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்களுக்கு 61 நின்றது. நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்களும் அந்த நான்கு முறை படித்தவர்கள்தான். நம்ம தம்பி கதை அப்படியே இருக்கிறதல்லவா?

செலவில்லாத மாற்று வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத் தாளை நெடுக்கில் பாதியாக மடியுங்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. மடித்துவைத்துக் கேள்வியை மட்டும் பார்த்து, வேறு தாளில் விடையை எழுதிவிட்டுத் திறந்து பாருங்கள். "மனசுலயே சொல்லிப் பாத்தேன்" என்பது கணக்கில் சேராது. மனசு தப்பான விடையையும் சரி என்று சொல்லிவிடும். ஹைலைட்டர் பேனா வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்ணம் பூசியதைப் படித்ததாகக் கணக்கு வைக்காதீர்கள் என்கிறேன்.

அடுத்தது, ஒரு மாதம் முழுக்கத் தமிழ், அடுத்த மாதம் அரசியலமைப்பு, அதற்கடுத்த மாதம் வரலாறு என்று போடும் அட்டவணை. சுவரில் ஒட்டினால் அழகாக இருக்கும். மூன்றாவது மாதம் வரும்போது முதல் மாதத்துத் தமிழ் கரைந்திருக்கும். இன்று படித்ததை நாளை பத்து நிமிடம், நான்காம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை என்று எட்டிப் பாருங்கள். மடித்த தாளின் மூலையில் அந்தத் தேதிகளை எழுதிவிட்டால் போதும். திரும்பிப் போகும்போது பாதி மறந்திருக்கும், எரிச்சலாக வரும். தீண்டாமை ஒழிப்பு அரசியலமைப்பில் 17-ஆவது பிரிவா, 23-ஆ, 24-ஆ என்று அப்படித் திணறித் தேடிப் பிடித்தால் (17-தான்), அது ஒட்டிக்கொள்ளும்.

கணக்கில் வேறு மாதிரி ஏமாற்றம். தனிவட்டிக் கணக்கு முப்பது போட்டால் முப்பத்தோராவது கணக்கைக் கை தானாகப் போடும், யோசிக்கவே தேவையில்லை. தேர்வில் 25 கணக்கு, மனத்திறன் கேள்விகளும் கலந்து வரும். எந்தத் தலைப்பு என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். 10,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கழிக்க உட்காருபவர்கள் உண்டு. முதல் ஆண்டு வட்டி 500, அந்த 500-க்கு இரண்டாம் ஆண்டு வட்டி 25, முடிந்தது. இது சட்டென்று தோன்ற வேண்டுமானால் ஒவ்வொரு தலைப்பிலும் நாலைந்து கணக்கு போட்டதும் எல்லாவற்றையும் கலந்துகட்டிப் போட ஆரம்பிக்க வேண்டும்.

டெலிகிராமில் வந்து குவியும் பி.டி.எஃப்.களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6 முதல் 10 வரையுள்ள சமச்சீர்ப் புத்தகங்களை முடிக்காதவருக்கு அவை பாரம்.

தமிழ்ப் பகுதியை "நம்ம பாஷைதானே" என்று விட்டுவிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 300 மதிப்பெண்ணில் 150 அங்கே இருக்கிறது. அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

மாதிரித் தேர்வு எழுதிவிட்டு மார்க்கை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வது எனக்குக் கோபம் வரவழைக்கும் பழக்கம். எழுத மூன்று மணி நேரம் செலவழிந்தால், தப்பானவற்றைப் பார்க்கக் குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டாமா? தப்பான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: தெரியாது, தெரியும் ஆனால் மாறிப்போச்சு, கேள்வியைத் தப்பாகப் படித்தேன். "கவனக்குறைவு" என்று எழுதித் தப்பிக்காதீர்கள். "பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது எது" என்று படித்தேன் என எழுதினால், அடுத்த முறை அந்தச் சொல்லைக் கண்டதும் பேனா அடிக்கோடு போடும். நான் இப்படி இரண்டு மாதம் எழுதிப் பார்த்ததில் என் தவறுகளில் பெரும்பாலானவை 'மாறிப்போச்சு' வகை என்று தெரிந்தது. அதுவரை பொது அறிவுதான் என் பலவீனம் என்று புதுப் புதுப் புத்தகமாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டத்தைக் கருப்பாக்கி விடை குறிக்கும் தாள். 200 கேள்விக்கு 180 நிமிடம், ஒன்றுக்கு 54 விநாடி, வட்டத்தைக் கருப்பாக்குவதும் அதற்குள்ளேதான். வீட்டில் விடையை நோட்டில் எழுதிப் பழகுபவர்களுக்கு இது தெரிவதில்லை. 63-ஐத் தாண்டிப் போய்விட்டு 64-க்கான விடையை 63-இல் கருப்பாக்கினால், கவனிக்கும் வரை எல்லாமே ஒரு படி மேலே ஏறிவிடும். பேனாவால் போட்டதை அழிக்கவும் முடியாது. ஜெராக்ஸ் கடையில் இருபது வெற்று ஓ.எம்.ஆர். தாள் எடுத்துவைத்து, ஒவ்வொரு மாதிரித் தேர்வையும் அதில்தான் எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே இரண்டு விடையைக் கழித்துக்கட்ட முடிந்தால் மிச்ச இரண்டில் ஒன்றைத் துணிந்து போடலாம். விடை தெரியவில்லை என்பதற்கு 'ஈ' என்ற ஐந்தாவது ஆங்கில எழுத்து வட்டம் இருக்கிறது, எதையும் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தம்பி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நெடுக்கில் மடித்தான். இடப்பக்கம் நான்கு நாற்பதையும் எழுதினான். வலப்பக்கம் மூன்று பெயர்தான் வந்தது. பொய்கையார் வரவில்லை.