பாயிலரில் பிரஷர் குறைந்தால் செய்யக் கூடாதவை

லண்டனில் குளிர் தொடங்கியதும் எனக்கு வரும் முதல் ஃபோன், "அண்ணா, பாயிலர் முள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது, என்ன செய்ய?" என்பதுதான். பாயிலர் என்பது தண்ணீரைச் சூடாக்கி, ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்கும் கருவி; முள் காட்டுவது அந்தத் தண்ணீரின் பிரஷரை. முதல் வீட்டில் நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வீடு வாங்கியவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. யாருக்கும் தெரிந்த சின்னத் தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை.

சூட்டோடு நிரப்புவது

வேண்டாம். பாயிலரை அணைத்து, ஆறவிட்டு, அப்புறம் தண்ணீர் நிரப்புங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (பிரஷரின் அளவு) போதும்.

வாராவாரம் நிரப்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஹீட்டிங் தண்ணீர் ஒரு மூடிய சுற்று. உள்ளே இருக்கும் அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்ற வேண்டும். வருடத்துக்கு ஓரிரு முறை நிரப்பினால் சரி, வாரம் ஒரு முறை என்றால் அது எங்கேயோ வெளியே போகிறது. ஈஸ்ட் ஹாமில் இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் வால்வைத் திருகி 1.5க்கு ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய் ரேடியேட்டர் இரும்பை அரித்தது, அரிப்பைத் தடுக்க ஊற்றியிருந்த இன்ஹிபிட்டரும் நீர்த்துப்போனது, கடைசியில் கருஞ்சேறு சேர்ந்து, பாயிலருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையே அடைத்துவிட்டது. அதை மாற்றக் கொடுத்த பணம் இன்றும் வலிக்கிறது, ஏனென்றால் கோளாறு என்னவென்று பின்சுவரில் பாயிலரிலிருந்து வெளியே வரும் சிறு செப்புக் குழாய் அத்தனை நாளும் சொட்டிச் சொட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் குழாய் நனைந்திருந்தால் பாதுகாப்பு வால்வு திறந்திருக்கிறது என்று பொருள். அது 3 பாரில் திறக்கும். சூடாகும்போது முள் 3ஐத் தொட்டு, ஆறியதும் பூஜ்ஜியத்துக்கு விழுந்தால், பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றுத் தொட்டி) காற்று போயிருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் சின்ன வேலை. குழாய் காய்ந்திருந்தால் ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். போன மாதம் ஒரு வீட்டில் நிரப்பும் நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டே வைத்திருந்தார்கள். தண்ணீர் வரவேற்பறை ரேடியேட்டரின் பின்னால் கார்ப்பெட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஃபில்லிங் லூப்பை அப்படியே விடுவது

தண்ணீர் நிரப்பப் பயன்படும் வெள்ளிப் பின்னல் போட்ட ஹோஸ்தான் ஃபில்லிங் லூப்; நிரப்பியதும் அதன் இரண்டு முனை வால்வையும் இறுக மூடுங்கள். இரண்டும் லேசாகக் கசிந்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். மூடியதும் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டிங் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பக் கூடாது என்பதற்காகவே பிரிட்டனில் அப்படி விதி வைத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டரில் காற்று எடுத்துவிட்டு முள்ளைப் பார்க்காதது

காற்று போனால் பிரஷரும் இறங்கும். பாருங்கள்.

பாயிலர் மூடியைத் திறப்பது

தொடாதீர்கள். கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) அட்டை உள்ளவரைக் கூப்பிடுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று இருக்கும். பாயிலர் அதில் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.