ஹூப்பர்சைன்-ஏ மாத்திரையைப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் முன்

மறதி நோயுள்ள பெரியவருக்கென்று வெளிநாட்டு உறவினர் யாராவது ஹூப்பர்சைன்-ஏ புட்டியொன்றை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள உங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தால், மூடியைத் திறக்காமல், அவர் ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மருந்துகளோடும் அதையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டு போங்கள்.

ஹூப்பர்சியா செர்ராட்டா என்னும், பாசியைப் போலத் தோன்றும் செடியிலிருந்து சீன ஆய்வாளர்கள் 1980களில் பிரித்தெடுத்த இந்தப் பொருள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. மறதி நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் டோனெப்பெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமைன் ஆகியவையும் இதே நொதியைத்தான் தடுக்கின்றன. எனவே அவற்றில் ஒன்றோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைதல், மயங்கி விழுதல் ஆகிய ஆபத்துகள் கூடும். மூலிகைதானே என்று எண்ணுவது தவறு. இது மருந்தைப் போலவே வேலை செய்கிறது.

அடுத்து, லேபிளை நிதானமாகப் படியுங்கள். 'செடிச் சாறு 20 மில்லிகிராம், அதில் 1 சதவீதம் ஹூப்பர்சைன்-ஏ' என்று அச்சிட்டிருந்தால், மாத்திரையில் உள்ள மருந்து 0.2 மில்லிகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மட்டுமே. மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொண்டால் அளவு ஆயிரம் மடங்கு பிசகிவிடும் என்பதால், இந்தக் கணக்கை மருந்தாளரோடு சேர்ந்து சரிபார்ப்பதே நல்லது.

பலன் குறித்தும் வீட்டாருக்குத் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 210 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு இருமுறை 200 மைக்ரோகிராம் கொடுத்தும் 16 வாரங்களில் நினைவாற்றலில் பலன் தெரியவில்லை. ஆகவே இதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது.

இதயத்துடிப்புக் கோளாறு, ஆஸ்துமா, வயிற்றுப்புண், வலிப்பு இவற்றில் ஏதேனும் இருந்தாலும், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து சாப்பிட்டுவந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரட்டாசி விரதத்தில் ஒருவேளை மட்டும் உண்ணும் பெரியவர்களைப் பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு: இவ்வகை மருந்துகள் பசியைக் குறைத்து உடலை மெலியச் செய்யக்கூடும் என்பதால், விரதம் தொடங்குமுன் அவர்களை எடை பார்த்துக் குறித்துவைத்து, வாரந்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்டரே சம்மதித்துக் கொடுத்துவந்தாலும், அறுவை சிகிச்சை ஏதேனும் நடக்கவிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இதன் பெயரைத் தவறாமல் சொல்ல வேண்டும். தசைகளைத் தளர்த்தும் சில மருந்துகளின் வேலையை இது மாற்றக்கூடும்.