நித்திரையில் இருந்து தொடங்கினேன்

போன வருசம் வெறுவயிற்றில் இரத்தச் சீனி பார்க்க 118. 126 வந்தால் நீரிழிவு. 100இலிருந்து 125 மட்டும் அதன் வாசற்படி. பயந்துபோனேன்.

யோசிச்சால் எல்லாம் ஒரே முடிச்சு. இரவு ஒரு மணிமட்டும் போன், பகல் தூங்கி வழியாமல் இருக்க ஆறு சீனித் தேத்தண்ணி, களைப்பில் அம்மாவோடு எரிச்சல்.

போனைக் குசினியில் வைச்சுவிட்டுப் படுத்தேன். அதுதான் திறப்பு. ஐந்தரைக்கு விழிப்பு வர, சைக்கிளில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் போனேன். பரவைக்கடலில் வலை வீசுற ஆக்களைப் பார்த்தபடி மிதிக்க, கிழமைக்குச் செய்யச் சொல்லுற 150 நிமிச உடற்பயிற்சி தானாய் நிரம்பிச்சு.

தேத்தண்ணி இரண்டாச்சு, பனங்கட்டி ஒரு கடியோடு. அதுவும் சீனிதான், கவனம். இரவில் குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும். பின்னேரம் விறாந்தையில் அம்மாவோடு இருந்து இலை உருவுவேன், கதையும் வரும்.

மூன்று மாதத்தில் 97. அம்மா இப்பவும் முருங்கையிலைக் கட்டை என் முன்னால்தான் வைக்கிறா.